எரிவதற்குச் சான்றிதழ் உண்டு

அக்கினி பகவானிடம் ஒரே ஒரு குறை. அவர் சட்டப் புத்தகம் படிப்பதில்லை. படித்திருந்தால், 1938-இல் சந்தைக்கு வந்த ஒரு குட்டி விமானத்தை 1938-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டுத்தான் எரிக்க வேண்டும் என்ற நுணுக்கம் அவருக்குத் தெரிந்திருக்கும். இன்றைய நெருப்பு இன்றைய விமானத்துக்கு. பழைய விமானத்துக்கு அந்தக் காலத்து நெருப்பு: கொஞ்சம் மரியாதை தெரிந்த, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற நெருப்பு. அமெரிக்க விமானத் துறை அதிகாரிகள் இதைப் பல பத்தாண்டுகளாக அவருக்குப் புரியவைக்கப் பார்க்கிறார்கள். அவர் கேட்பதாயில்லை.

விதி இதுதான். ஒரு விமான மாதிரி எந்த ஆண்டில் வடிவமைப்புச் சான்றிதழ் வாங்கியதோ, அந்த ஆண்டின் விதிகளே அதற்கு ஆயுள் முழுவதும் செல்லும். பிறகு எத்தனை பேர் எரிந்தாலும், அந்தச் சாம்பலிலிருந்து எத்தனை புதிய விதிகள் முளைத்தாலும், அவையெல்லாம் புதிதாகச் சான்றிதழ் கேட்டு வருகிறவனுக்குத்தான். பழையதை மாற்ற வேண்டுமானால் துறை தனியாக ஓர் ஆணை போட வேண்டும். ஆணை போடக் கணக்கு இடம்தர வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைக் கேட்க வயிற்றில் கொஞ்சம் பலம் வேண்டும்.

முதலில் விமானம். பைப்பர் கப் என்றால் பழைய விமானப் பித்தர்களுக்குக் கண் கலங்கும். மஞ்சள் நிறம், 65 குதிரைத்திறன், துணி போர்த்திய உடம்பு. 1947 வரை ஏறக்குறைய 20,000 செய்தார்கள். பல இன்றும் பறக்கின்றன. அதன் பெட்ரோல் டாங்க் கொள்வது 12 காலன், சுமார் 45 லிட்டர். அது இருக்கும் இடம், இன்ஜினுக்குப் பின்னால், முன்னிருக்கைக்காரரின் முழங்காலுக்கு நேர்மேலே. உயரத்தில் வைத்தால் பெட்ரோல் தானாக இறங்கும், பம்ப் வாங்கும் செலவு மிச்சம். அளவு காட்டும் கருவி ஒரு தக்கை. தக்கையில் செருகிய கம்பி டாங்க் மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கம்பி தாழ்ந்தால் பெட்ரோல் தாழ்ந்தது என்று அர்த்தம். விமானம் மூக்கைத் தரையில் குத்தினால் அந்த 45 லிட்டரும் எங்கே போகும் என்று காட்டத் தனிக் கருவி கிடையாது. குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1937 மார்ச்சில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருந்த பைப்பரின் தொழிற்சாலையே தீயில் எரிந்து போனது. கம்பெனி லாக் ஹேவன் என்ற ஊரில் ஒரு பழைய பட்டு ஆலைக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு அங்கிருந்துதான் இந்த மஞ்சள் விமானம் வெளிவந்தது. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பைத் தூக்கி வாடிக்கையாளர் மடியில் வைத்தது.

அன்றைக்கு உலகமே அப்படித்தான் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் டைகர் மாத் டாங்கை மேல் இறக்கையின் நடுவில், ஆட்களின் தலைக்கு மேலே வைத்தது. துணியை இறுக்கப் பூசிய நைட்ரேட் பூச்சோ, பழைய சினிமாச் சுருளுக்கும் வெடிபஞ்சுக்கும் ஒன்றுவிட்ட சகோதரன். ஒரு பொறி பட்டால் இறக்கை முழுவதையும் விழுங்கிவிட்டுத்தான் நிமிரும். இன்ஜின் அறைக்குள் பெட்ரோலில் கலந்த தண்ணீரையும் தூசியையும் வடிக்க ஒரு கிண்ணம் இருக்கும். அது கண்ணாடிக் கிண்ணம்! பெட்ரோல், சூடான இன்ஜின், நடுவே கண்ணாடி. அவர்களிடம் இருந்த பொருள் அதுதான், இருந்த அறிவும் அவ்வளவுதான். 1930-களின் பொறியாளர்களை நான் திட்டவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்து, எல்லாம் தெரிந்த பிறகும் கோப்பை மூடி வைத்தவர்களைத் திட்டுகிறேன்.

எல்லாம் தெரிந்த பிறகு என்று சும்மா சொல்லவில்லை. 1940-இல் இங்கிலாந்தின் வானத்தில் ஹரிக்கேன் போர் விமானங்கள் எரிந்தன. விமானிக்கு முன்னால், கருவிப் பலகைக்கு அப்பால், பாதுகாப்பு உறை இல்லாத ஒரு பெட்ரோல் டாங்க். குண்டு பட்டதும் நெருப்பு நேராக விமானியின் முகத்துக்கும் கைக்கும் வந்தது. தளபதி டௌடிங் பொறுக்கமாட்டாமல், பறந்துகொண்டிருந்த விமானங்களிலேயே அந்த டாங்குகளுக்கு லினாடெக்ஸ் என்ற ரப்பர் உறையை உடனே போடச் சொன்னார். மலாயாவின் ரப்பர்ப் பாலிலிருந்து பிறந்த சரக்கு அது. அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய கைகளில் பெரும்பகுதி நம் தமிழ்க் கைகள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உறை வருவதற்குள் எரிந்தவர்கள் கிழக்கு கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்ற அறுவை மருத்துவரின் கைக்குப் போனார்கள். மூக்கும் இமையும் புதிதாகச் செய்துகொண்ட அந்த இளைஞர்கள் 1941-இல் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்து, ‘கினிப் பன்றிகள் சங்கம்’ என்று பெயரிட்டார்கள். போர் முடிந்தபோது உறுப்பினர் 649 பேர். அங்கதம் எழுதுவது எப்படி என்று அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

ஆக, டாங்குக்கு ரப்பர் உறை போட்டால் மனிதன் பிழைப்பான் என்பது 1940-இலேயே தெரியும். போர்க்காலத்தில் விமானியின் உயிருக்கு மதிப்பு அதிகம். பயிற்றுவித்த செலவு அரசாங்கத்துடையது. சமாதான காலத்தில் பறப்பவன் தன் காசில் கற்றுக்கொண்டவன். அவன் எரிந்தால் கஜானாவுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

ரப்பர் உறையின் அருமை கார்ப் பந்தயக்காரர்களுக்குக்கூடத் தெரியும். 1964-இல் இண்டியானபொலிஸ் 500 பந்தயத்தில் இரண்டு ஓட்டுநர்கள் தீயில் மாண்டார்கள். அதன் பிறகு பந்தயக் கார்களுக்குள் ரப்பர்ப் பை டாங்குகள் வந்தன. 1970-இல் ஃபார்முலா 1 அதைக் கட்டாயமாக்கியது. அதே 1970-இல் அமெரிக்க ராணுவம், வியட்நாமில் தன் ஹெலிகாப்டர்கள் விழுந்து எரிவதைப் பார்த்துச் சலித்து, மோதலைத் தாங்கும் எரிபொருள் அமைப்பைப் பொருத்தத் தொடங்கியது. சூத்திரம் எளிது. கிழியாத பைக்குள் பெட்ரோல். குழாய்கள் பிய்ந்தால் இரு பக்கமும் தானே மூடிக்கொள்ளும் இணைப்புகள். விழுந்தும் உயிர்தப்பக்கூடிய விபத்துகளில் நெருப்பால் சாவது என்பது ராணுவத்தில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. பிற்காலத்தில் அமெரிக்காவின் சிவில் விதியும் ஹெலிகாப்டர் டாங்குகளுக்கு ஒரு சோதனை வைத்தது: 80 சதவீதம் தண்ணீர் நிரப்பி 50 அடி உயரத்திலிருந்து கீழே போடு, ஒழுகக் கூடாது. குழந்தைக்கும் புரிகிற சோதனை.

குழந்தைக்குப் புரியும். பொருளாதார நிபுணருக்குப் புரிய வேண்டுமே! இதோ, வாக்களித்தபடி கணக்கு. 1990-இல் அமெரிக்க விமான நிர்வாகம் சிறிய விமானங்களுக்கும் இப்படியொரு எரிபொருள் அமைப்பு வேண்டும் என்று ஒரு முன்மொழிவை வெளியிட்டது. ஒன்பது ஆண்டு யோசித்தது. 1999-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. காரணம்: செலவுக்கேற்ற பலன் இல்லை.

நிதானமாகப் படியுங்கள். இந்தக் கூட்டல் கழித்தலில் ஒரு பக்கம் ரப்பர்ப் பையின் விலை, மெக்கானிக்கின் கூலி, விமானம் தூக்க வேண்டிய கூடுதல் எடை. மறுபக்கம் நீங்கள். உங்களுக்கும் ஒரு விலை போட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஓர் உயிரைக் காப்பாற்றும் பலனுக்கு 2008-இல் 58 லட்சம் டாலர் என்று மதிப்பு வைத்தது. 2023-ஆம் ஆண்டுக்கு அது 1 கோடியே 32 லட்சம் டாலர். பவுன் விலை மாதிரி ஏறுகிறது, மகிழ்ச்சி. சாகாமல் கருகிப் பிழைத்தால் முழு விலை கிடையாது. காயத்தின் கடுமைக்கேற்ப அதில் ஒரு பின்னம். இமை இல்லாமல் தூங்கப் பழகுகிறவனின் இரவு, பத்தாவது தோல் ஒட்டுக்குக் கையெழுத்துப் போடுகிற மனைவியின் பகல், எல்லாம் அந்தப் பின்னத்துக்குள் அடக்கம்.

உயிருக்கு விலை போடுவதே பாவம் என்று நான் வாதாடப் போவதில்லை. பாலம் கட்டுகிறவனுக்கும் ஏதோ ஓர் எண் வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தத் தராசில் பை தயாரிக்கிறவரின் செலவு ரசீதோடு வருகிறது. எரியப் போகிறவர் ரசீதோடு வருவதில்லை. அவர் இன்னும் எரியவில்லை, எனவே இன்னும் யாரும் இல்லை. யாரும் இல்லாதவருக்காக எந்த அதிகாரியின் வீட்டுத் தொலைபேசி அடிக்கும்?

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த ‘யாரும் இல்லாதவர்களை’ உட்கார்ந்து எண்ணியது. 1976 முதல் 2002 வரை அந்த நாட்டில் 5,700 கிலோவுக்கு உட்பட்ட விமானங்களின் விபத்துகள் 13,806. மோதிய பின் தீப்பிடித்தவை 521, அதாவது நூற்றுக்கு நான்கு. அந்த நான்கு சதவீதத்தில் மட்டும் 728 சாவு. எல்லாருமே நெருப்பால் சாகவில்லை, உண்மை. மோதிய வேகத்திலேயே போனவர்களும் உண்டு. ஆனால் 128 விபத்துகளில் 205 பேரின் சாவுக்கு நெருப்போ புகையோ முழுக் காரணமாகவோ பாதிக் காரணமாகவோ இருந்தது என்று வாரியம் பதிவு செய்தது. விழுந்தார்கள், எலும்பு முறியாமலோ முறிந்தோ உயிரோடிருந்தார்கள், கதவைத் தேடினார்கள். பெட்ரோல் முந்திக்கொண்டது.

2006-இல் வாரியம் என்ன கேட்டது தெரியுமா? சூடான பாகங்கள் தீமூட்டாமல் இருக்க ஒரு வழி, மோதியவுடன் பேட்டரியையும் மின்சாரத்தையும் செயலிழக்கச் செய்ய ஒரு வழி, உராய்ந்து பொறி பறக்கும் இடங்களில் ஒரு காப்புப் பொருள், பெட்ரோலைச் சிந்தாமல் பிடித்துவைக்கும் பாகங்கள். பழைய விமானங்களில் இவற்றைப் பொருத்துங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பொருத்த முடியுமா என்று ஆராய்ந்து பாருங்கள் என்றுதான் கேட்டது. அவ்வளவு பணிவு. பணிவுக்குக் கிடைத்த மரியாதை, பழைய விமானங்களுக்கு இன்றுவரை அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

பேட்டரி விஷயம் மட்டும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. மோதலை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வேண்டும், அது பெரிய தொழில்நுட்பம் என்பார்கள். ஐயா, மோதலை உணரும் சுவிட்ச் 1970-களிலிருந்தே அமெரிக்கக் குட்டி விமானங்களில் கட்டாயமாக உட்கார்ந்திருக்கிறதே! விழுந்த விமானம் எங்கே கிடக்கிறது என்று வானொலியில் கூப்பிடும் பெட்டிக்குள் இருக்கிறது அது. விழுந்த நொடியில் விழித்துக்கொண்டு, ‘இங்கே வந்து எடுத்துப் போங்கள்’ என்று உலகத்துக்குச் சொல்லும். பேட்டரியை அணை என்று மட்டும் சொல்லாது. அதை அப்படிச் சொல்லவைக்க யாரும் கட்டளையிடவில்லை. இதிலும் கொடுமை, தீப்பிடித்த பல விபத்துகளில் அந்தப் பெட்டியே எரிந்து, கூப்பிடுகிற குரலும் அடங்கிப் போயிருக்கிறது.

சரி, அரசாங்கம் கட்டாயப்படுத்த வேண்டாம். விவரம் தெரிந்த உரிமையாளர் தானே மாற்றிக்கொள்ளலாமே? இங்கேதான் நம் துறையின் மேதைமை முழுமை பெறுகிறது. சான்றிதழ் பெற்ற விமானத்தில் எரிபொருள் அமைப்பைத் தொட்டால் அது ‘பெரிய மாற்றம்’. அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் வேண்டும். அந்த மாதிரிக்கென யாராவது முன்பே காசு செலவழித்து வாங்கிய துணைச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் வட்டார அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். 337 என்ற எண்ணுள்ள படிவம் வேண்டும். 2016-இல் கருவிப் பலகையில் மாட்டுகிற சிறு பாதுகாப்புச் சாதனங்களுக்கு வழியைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள், மறுக்கவில்லை. டாங்குக்கு அந்த வழியில் இடமில்லை. பக்கத்து ஹாங்கரில் ஒருவர் தன் கையால் கட்டிய விமானத்தில் பந்தயக் காரின் ரப்பர்ப் பையைக் கேள்வி முறையில்லாமல் பொருத்திக்கொள்கிறார். ஏனென்றால் அவருடைய விமானம் ‘சோதனை’ வகை, ஆபத்தானது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. இவருடையது பாதுகாப்பானது என்று சான்றளிக்கப்பட்டது, ஆகவே பாதுகாப்பாக்கக் கூடாது. மடியில் பெட்ரோல் வைப்பதற்கு முத்திரை இருக்கிறது. மடியிலிருந்து இறக்கி வைப்பதற்கு முத்திரை இல்லை.

உரிமையாளர்களையும் சும்மா விடுவதற்கில்லை. ‘அசல்’ என்ற ஒரு வெறி பிடித்த கூட்டம் உண்டு. இருக்கைக்குத் தோல், முகப்புக்குப் பளபளப்பு, மர விசிறிக்கு மூன்று கை வார்னிஷ், அதற்கெல்லாம் பணம் இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பதில் உலோகக் கிண்ணம் வந்து எத்தனையோ காலமாகிறது. மாற்றினால் அழகு கெட்டுவிடுமாம். பழைய ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டுக் காவி நிறத் தீ உறை போட்ட குழாயை மாட்டினால் நெருப்பில் 15 நிமிடம் நிற்கும். வெறும் அலுமினியக் குழாயோ 660 டிகிரியில் உருகி ஓடும். பெட்ரோல் நெருப்பு அந்தச் சூட்டைத் தாண்டியே நிற்கும். பழைய நைட்ரேட் பூச்சுக்குப் பதில், தானாக எரியாத வினைல் பூச்சு பல பத்தாண்டுகளாகக் கிடைக்கிறது. இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில் கம்பிகள் போகும் ஓட்டைகளை அடைக்க ஒரு பிற்பகல் போதும். இந்த வேலைகளில் பாதிக்கு அந்தப் பெரிய படிவமும் தேவையிருக்காது. மெக்கானிக்கின் பதிவேட்டில் ஒரு வரி போதும். அதையும் செய்யாமல் கண்காட்சியில் மஞ்சள் வண்ணத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நிற்பவரிடம் எனக்கு அனுதாபம் வருவதில்லை. அவர் பின்னால் ஏற்றி அழைத்துப் போகிற பேரப்பிள்ளையிடம் வருகிறது.

பழைய விமானங்களோடு போயிற்றா என்றால் இல்லை. 1994-இல் அமெரிக்கா ஹெலிகாப்டர்களுக்கு மோதலைத் தாங்கும் டாங்கை விதியாக்கியது, ‘புதிய மாதிரிகளுக்கு மட்டும்’ என்ற வாலோடு. தயாரிப்பாளர்கள் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய மாதிரியையே புதிது புதிதாகச் செய்து விற்றார்கள்: தொழிற்சாலையை விட்டு வரும்போதே தாத்தாவாக வருகிற ஹெலிகாப்டர்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், அதன் பிறகு செய்த 5,600 ஹெலிகாப்டர்களில் 850 வாக்கில்தான் அந்த டாங்க் இருந்தது. 2015 ஜூலையில் கொலராடோவின் ஃபிரிஸ்கோவில் ஒரு மருத்துவ ஹெலிகாப்டர், நோயாளிகளைக் காப்பாற்றப் போகிற ஹெலிகாப்டர், கிளம்பிய சில நொடிகளில் கார் நிறுத்துமிடத்தில் விழுந்து எரிந்தது. விமானி இறந்தார், ஒரு செவிலியர் கொடுமையாக வெந்தார். 1977-இல் சான்றிதழ் பெற்ற மாதிரியின் புதிய வாரிசு அது. 2018-இல் நாடாளுமன்றம் தலையிட்டுப் புதிதாகச் செய்பவை எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கியது. அதுவரை செய்து பறந்துகொண்டிருந்தவற்றைத் தொடவில்லை.

முடியாத காரியம் என்று யாரும் சொல்லிவிடாதபடி ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரின் அலுமினிய டாங்குகளுக்குப் பதில் பை டாங்க் போடச் சொல்லி 2010-இலேயே கம்பெனி அறிக்கை விட்டது. ஆஸ்திரேலியாவில் செஸ்நாக், ஜாஸ்பர்ஸ் பிரஷ், புல்லி டாப்ஸ் என்று 2011-க்கும் 2013-க்கும் இடையில் மூன்று முறை அந்த ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். 2013 ஏப்ரல் இறுதிக்குள் மாற்று, மாற்றாவிட்டால் பறக்காதே என்று அந்த நாட்டு அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். மாற்றினார்கள். வானம் இடிந்து விழவில்லை, தொழிலும் படுத்துவிடவில்லை. அந்த உத்தரவைக் கொஞ்சம் முன்பே போட்டிருக்கலாமே என்று புல்லி டாப்ஸில் இறந்த நால்வர் கேட்க முடியாது. நான் கேட்கிறேன்.

கனடாவில் இருக்கும் நம்மவர்கள் விடுமுறைக்கு ஏரிக்கரை, தீவு என்று மிதவை விமானத்தில் ஏறுகிறார்கள். அவற்றில் பல டி ஹாவிலண்ட் பீவர். 1947-இல் முதலில் பறந்து 1967-இல் உற்பத்தி நின்ற மாதிரி. நல்ல உழைப்பாளி. பறந்துகொண்டே இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்ற விமானியறைக்குள்ளேயே வாய் வைத்த அழகான மூளை அதைச் செய்தவர்களுடையது. பெட்ரோல் டாங்குகள் மட்டும் வயிற்றில், பயணிகளின் காலடியில். நீங்கள் ஏறப் போவது அதுவோ வேறு எந்தப் பழைய விமானமோ, பெல்ட்டைப் போட்டுக்கொள்வதற்கு முன் விமானியிடம் சத்தமாகக் கேளுங்கள்: டாங்க் எங்கே இருக்கிறது? விழுந்தால் பெட்ரோலைப் பிடித்து நிறுத்துவது எது? பேட்டரியை அணைப்பது யார்? ‘எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கிறது’ என்று பதில் வந்தால், அது நீங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கேளுங்கள்.